குற்றியலுகரம் கேட்கும் தூரம்

பாட்டுக் கட்டிப் பாடுகிறவன் முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டியது விஷயமும் அன்று, மெட்டும் அன்று, கேட்கிறவர் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருப்பார் என்பதுதான் என்று, இந்தத் தொழிலிலேயே தலை நரைத்துப்போன எனக்கு இப்பொழுது ஐயமறத் தெரிகிறது. கூத்துக்களத்தின் கோடியில், வேர்க்கடலை விற்கிறவளுக்கும் அப்பால், கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாதித் தூக்கத்தில் கிடப்பவனுக்கு எட்ட வேண்டிய பாட்டு ஒரு விதமாகக் கட்டப்படுகிறது. திண்ணையில் முழங்காலோடு முழங்கால் உரச உட்கார்ந்திருப்பவளுக்குச் சொல்ல வேண்டிய பாட்டு முற்றிலும் வேறு விதமாகக் கட்டப்படுகிறது. முன்னதை வெகுகாலம் செய்து பெயரும் கொஞ்சம் பணமும் சம்பாதித்தேன். பின்னதற்கு வந்து சேர்ந்தது ஐம்பது வயதுக்கு மேல். நண்பர்கள் இதைப் பார்த்துவிட்டு, பழைய நாட்டுப்பாட்டுக்குத் திரும்பிவிட்டான் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அன்போடு சொல்வதை மறுக்க மனம் வருவதில்லை. ஆனால் ஓர் இடத்துக்குத் திரும்ப வேண்டுமானால் முன்பு அங்கே இருந்திருக்க வேண்டுமே! நான் இருந்தவனல்லன்.

எங்கள் ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் பெருஞ்சாலையில் பாலுசெட்டிசத்திரத்தில் இறங்கிச் சற்று உள்ளே நடந்தால் விஜயராகவப் பெருமாள் கோயிலும் ஜடாயு தீர்த்தமும் வந்துவிடும். சீதாப்பிராட்டியைக் காக்கப் போரிட்டு மாண்ட பட்சிராஜனுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் இதுவென்பது ஸ்தல ஐதிகம். திருமங்கையாழ்வாரின் மங்களாசாசனம் பெற்ற திவ்யதேசம். இராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டது இங்கேதான் என்பது வைஷ்ணவ சம்பிரதாயத்தில் வழங்கிவரும் செய்தி. உத்ஸவ காலங்களில் பெருமாளுக்கு முன்னே பிரபந்த கோஷ்டியும் பின்னே வேத கோஷ்டியும் செல்லும் சம்பிரதாயத்தைப் பலரும் கண்டிருப்பார்கள். வாத்தியத்தின் துணை ஏதுமின்றி, நடக்கிற நடைக்குள்ளேயே மூச்சை அடக்கிக்கொண்டு, ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் எடுத்துப் பத்துப் பதினைந்து பேர் ஒரே குரலாகச் சொல்லிக்கொண்டு போகிற அந்தத் தோரணையை, சங்கீதமென்று அப்பொழுது எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குச் சங்கீதம் என்றால் கூத்துதான்.

எங்கள் தகப்பனார் கூத்துக்குப் பின்பாட்டுப் பாடுகிறவர். காஞ்சிபுரம், செய்யாறு, உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மனுக்குப் பாரத உத்ஸவம் நடக்கும்போது, பகலில் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாட்கணக்கில் போகும். கட்டை கட்டி, முகத்துக்கு வர்ணமிட்டு வருகிற வேஷக்காரர் ஓர் அடி பாடுவார். பின்னே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மிருதங்கக்காரரும் ஆர்மோனியக்காரரும் தாளம் போடுகிறவரும் அந்த அடியை அப்படியே வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். முகவீணை அதன் மேல் ஏறிக் கீச்சென்று ஒலிக்கும். இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் வெளியூர்க்காரர்களுக்கு எளிதில் புலப்படாது. ஆடிக் களைத்தவனுக்கு மூச்சு வாங்க அவகாசம் தருவது ஒன்று; முதல் தடவை காதில் விழாதவனுக்கு இரண்டாம் தடவை சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மற்றொன்று. சுருதியோ ஐந்து கட்டைக்குக் குறையாது. மேலே போகப் போகத்தான் குரல் வெளியில் ஓடும் என்பதனால், ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு நாடக மேடையிலும் ஆண்கள் அவ்வளவு உச்சத்தில்தான் பாடினார்கள். 1933இல் இளவயதிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் கீர்த்தி அந்த உச்சத்தில் நின்ற கீர்த்தி.

கிராமியக் கலை என்றாலே அடங்கிய, எளிய, காதருகே ஒலிக்கும் ஒன்று என்று பட்டணத்து ரசிகர்கள் இப்பொழுது கற்பனை செய்துகொள்கிறார்கள். கூத்தும் பம்பையும் உடுக்கையும் ஊர் முழுவதையும் எழுப்பி உட்கார வைப்பதற்கென்றே பிறந்தவை. மின்சாரம் இல்லாத காலத்து ஒலிபெருக்கி என்று கூத்துக்காரன் தொண்டையைச் சொன்னால் தவறில்லை. பெ. ராஜகோபால் முதலானோர் 1990இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தை ஏற்படுத்தி, பின்பு 2002 முதல் புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் நடத்தி, பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு பயிற்றுவித்தபோது நான் சில சமயம் போய்ப் பார்த்திருக்கிறேன். பத்து வயதுச் சிறுமி துரியோதனன் வேஷத்தில் மேல்ஸ்தாயியைப் பிடிக்கிறதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு வேறு. இனி நான் சொல்லப்போவது வேறு.

நான் வாலிபத்துக்கு வந்த காலத்தில் ஊருக்கு ஊர் ரேடியோ செட்டு வந்துவிட்டது. ஆஹூஜா ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் பனைமரத்தில் கட்டிய குழாய் இரண்டும் இருந்தால் திருவிழா. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலையிலேயே எல்.ஆர். ஈஸ்வரி அம்மாளின் குரல் வயல்வெளியெல்லாம் பரவும். அந்த அம்மாளைப் போல ஒரு பாட்டையாவது பாடிவிட வேண்டும் என்று ஆசைப்படாத பாட்டுக்காரன் எங்கள் பிரதேசத்தில் இருந்திருக்க முடியாது. பிலிப்ஸ் கம்பெனி 1963இல் கொண்டுவந்த காசெட்டு எங்கள் கிராமங்களை எட்ட ஏறக்குறைய இருபது வருஷமாயிற்று. எட்டிய பிறகு அதன் வேகம் பிரமிக்கத்தக்கதாக இருந்தது. இசைத்தட்டுக் கம்பெனியின் வாசலில் காத்திருக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஒழிந்து, ஒரு கோயில் தர்மகர்த்தா மனம் வைத்தால் அந்தக் கோயிலுக்கென்றே ஒரு காசெட்டு வெளிவரலாம் என்றாயிற்று. நானும் கட்டினேன், பாடினேன். சென்னையில் ஒரு சிறிய ஸ்டூடியோவில், காதில் மாட்டிய கருவியில் டிக், டிக் என்று ஒரு தாளம் தட்டிக்கொண்டே இருக்க, அதற்கு ஒரு மயிரிழை முந்தாமலும் பிந்தாமலும் பாட வேண்டும். பம்பைக்காரர் வரவில்லையென்றாலும் பாதகமில்லை. பம்பையின் சத்தத்தைப் பொத்தானுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். பாட்டின் மேல் எக்கோவை ஊற்றினால் அம்மன் பாட்டு ஆகிவிடும் என்பது அப்பொழுதைய ஸ்டூடியோ சாஸ்திரம்.

அந்தத் தொழிலைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. குழாயில் கேட்கிற பாட்டுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு; அதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பிரயாசை பிடித்தது. குழாய் அடித்தொனியை விழுங்கிவிடும், நடுத்தொனியை மட்டும் தூக்கிக் கத்தும். ஆகவே அடியின் முடிவு நெடிலாக இருக்க வேண்டும்: அம்மா, தாயே, வாராளே, ஆடிவாரா என்று வாய் திறந்து முடிய வேண்டும். காடு, ஆறு, கிழக்கு, பாட்டு என்று முடிகிற சொற்களை அடிக்கடையில் வைத்தால் தொலைந்தது. அந்தக் கடைசி உகரம், இலக்கணக்காரர்கள் அரை மாத்திரை என்று அளந்து வைத்த குற்றியலுகரம், பனைமரத்துக் குழாயிலிருந்து இறங்கிவருவதற்குள் காற்றோடு போய்விடும். ஆகையால் என் காசெட்டுப் பாட்டுக்களில் காடு எப்பொழுதும் காட்டுக்குள்ளேயாகவும், ஆறு எப்பொழுதும் ஆத்தோரமாகவுமே இருக்கும். எத்தனையோ நல்ல சொற்களை இந்தக் காரணத்துக்காகவே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்படி இருக்கையில் அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். தகப்பனாரின் தமக்கை, ஆயுள் முழுவதும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள், கண் மங்கி, திண்ணையை விட்டு இறங்காத பருவம். புதிதாகக் கட்டிய ஒரு பாட்டை, பழக்கதோஷத்தினால் நல்ல உச்சத்தில் எடுத்து அவளுக்குப் பாடிக் காண்பித்தேன். முடிக்கவிடாமல் கையை அசைத்து, "ஏண்டா மருமவனே, பக்கத்துலதான குந்திக்கினுகீறேன், இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்தறே?" என்றாள். பிறகு அவளே ஒரு பாட்டை எடுத்தாள். வீட்டுக்குள் அரிசி களைந்துகொண்டிருந்த என் மைத்துனிக்குக்கூட அது கேட்டிராது.

அந்தப் பாட்டின் சமாசாரத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன். குனிந்த முதுகோடு சேற்றில் நின்று பாடுகிறவளுக்கு நெஞ்சு நிறைய மூச்சு கொள்ளாது. அதனால் அடிகள் குட்டையாக இருக்கின்றன. ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். ஆனால் கூத்துப் பின்பாட்டைப்போல அது சொல்லைத் தூரத்துக்குக் கொண்டுபோவதற்கன்று. வாங்குகிறவள் ஒரு சொல்லை மாற்றி வாங்கலாம். பண்ணையக்காரரைப் பற்றிய பரிகாசத்தை உள்ளே செருகலாம். அடுத்தவள் சிரித்துவிட்டால் பாட்டு அங்கேயே திசை மாறிப்போகும். வரப்பில் நிற்கிற ஆளுக்குக் கேட்கக் கூடாது என்பதே அதன் பிரமாணம். தாலாட்டும் அப்படியே, தொட்டிலுக்கு வெளியே போகத் தேவையில்லாதது. மரகதவல்லித் தாயார் வறுத்த பயறையும் முளைக்க வைப்பாள் என்று நம்பி, மடியில் பயற்றைக் கட்டிக்கொண்டு பிள்ளை வரத்துக்காக இரவு தங்குகிற பெண்கள் எங்கள் ஊருக்கு வருவதுண்டு. அவர்களில் ஒருத்தி, பிள்ளையே இல்லாதவள், இருட்டில் தனக்குத்தானே தாலாட்டுச் சொல்லிக்கொண்டிருந்ததைத் தான் கேட்டதாக அத்தை சொன்னாள். ஆண்களாகிய நாங்கள் நாட்டுப்பாட்டு என்று மார்தட்டிக்கொண்டதெல்லாம் வெளியரங்கத்துப் பாட்டு. அருகிலிருந்து கேட்கிற பாட்டு இந்தப் பெண்கள் வசம் இருந்திருக்கிறது. தகப்பனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுருதி பிடித்துக்கொண்டிருந்த எனக்கு, பத்தடி தள்ளி அடுப்படியில் நடந்துகொண்டிருந்த சங்கீதம் எட்டவில்லை.

இவற்றை ஏட்டில் ஏற்றியவர்கள் இல்லாமற் போகவில்லை. 1871இலேயே சார்லஸ் கோவர் என்ற ஆங்கிலேயர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பெர்சி மக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டிய பாடல்களை கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து, ‘மலையருவி’ என்ற பெயரில் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 1958இல் வெளியிட்டது. நா. வானமாமலையின் தொகுப்புக்களை அறியாத தமிழ் மாணவர் இல்லை. இந்தப் புத்தகங்களையெல்லாம் தேடி வாங்கிப் படித்தேன். படித்தபோது ஆனந்தமாகவும் இருந்தது, ஏக்கமாகவும் இருந்தது. அச்சில் சொல் இருக்கிறது; எந்தச் சொல்லில் பாடினவள் மூச்சை விட்டாள், எந்த இடத்தில் குரலைப் பாதியாக்கினாள் என்பது இல்லை. கொல்லங்குடி கருப்பாயி அம்மாளை வானொலியில் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஏட்டைப் பார்த்துப் பாடாமல், நின்ற நிலையில் சொல்லைக் கோத்துக்கொண்டு போகிற அந்த அம்மாள், 1985இல் ‘ஆண்பாவம்’ படத்தில் பாட்டியாக வந்தபோதுகூட, வயற்காட்டில் பேசிக்கொண்டு போகிற தொனியைக் காமிராவுக்காக மாற்றிக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அத்தையிடம் கற்றுக்கொள்ளப் போனவனுக்கு முதல் இடைஞ்சல் சுருதிப்பெட்டி. அவளுக்கு நிலையான சுருதி என்று ஒன்று கிடையாது. அன்றைக்குத் தொண்டை எங்கே இருக்கிறதோ அங்கே தொடங்குவாள், பாட்டு முடிவதற்குள் அரைக் கட்டை இறங்கியிருப்பாள். பெட்டி ஒரே இடத்தில் முரண்டு பிடித்துக்கொண்டு நிற்கும். கடைசியில் பெட்டியை மூடி வைத்தேன். ஆர்மோனியத்தை அதற்கு முன்பே மூடியாயிற்று. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அந்த வாத்தியத்தைத் தன் சங்கீதத்தினின்றும் விலக்கி வைத்திருந்தது அதிகப்படியான ஆசாரம் என்றே இன்றும் நான் நினைக்கிறேன், என்றாலும் அத்தையின் குரல் இரண்டு ஸ்வரங்களுக்கு இடையில் போய் உட்காருகிற இடங்களுக்கு அந்தக் கட்டைகளில் வழி இல்லை என்பது மெய். துணைக்கு உடுக்கையை மட்டும் வைத்துக்கொண்டேன். பூசாரி அடிக்கிற அடியன்று. நடுக்கயிற்றை விரலால் அழுத்தியும் தளர்த்தியும், தோலை விரல்நுனியால் தொட்டால் போதும். அழுத்தத்துக்கு ஏற்ப நாதம் ஏறி இறங்குவதால், பாடுகிறவள் இறங்கினால் உடுக்கையும் கூடவே இறங்கிக்கொள்ளும். இவ்வளவு இணக்கமான வாத்தியத்தை ஆவேசத்துக்கு மட்டும் பயன்படுத்தி வந்திருக்கிறோம்.

பிறகு சொற்கள். வாசலோடு அனுப்பிய குற்றியலுகரங்களை ஒவ்வொன்றாக உள்ளே அழைத்தேன். முழங்கால் தூரத்தில் ‘ஆறு’ என்று அடியை முடித்தால் அந்த அரை மாத்திரை கேட்கிறது. அது கேட்பதனால் அதற்குப் பின் வருகிற மௌனமும் பாட்டின் பகுதியாகிறது. பல்லவியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய அவசியம் போயிற்று. முதல் தடவையிலேயே கேட்டுவிட்டவளிடம் மறுபடியும் சொன்னால், அத்தையைப் போன்றவர்கள், "அதான் சொல்லிட்டியே" என்பார்கள். ஆகவே கதை நகர வேண்டும். ஒரு சரணத்துக்குள் ஒரு காரியமாவது நடந்தாக வேண்டும். காசெட்டுக்காக நான் கட்டிய பாட்டுக்களில் அம்மன் வந்துகொண்டே இருப்பாள், வந்து சேரமாட்டாள்.

இந்த அந்தரங்கமான குரலுக்கு மைக்கைச் சத்துருவாகச் சொல்வாரும் உண்டு. நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனல்லன். ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீநிவாஸும் மைக் இல்லாத உலகத்தில் பாடகர்களாகவே ஆகியிருக்க முடியாது. பக்கத்தில் வந்து பேசுகிற குரலை லட்சம் வீடுகளுக்குக் கொண்டுபோனதும் அதே கருவிதான். எனக்குப் பகை, பனைமரத்துக் குழாயின் மேலும் இல்லை. எந்தப் பாட்டையும் குழாய்க்கு ஏற்றே கட்ட வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தின் மேல்தான். அயல்நாட்டில் இந்த நிர்ப்பந்தத்தை உதறியவர்கள் உண்டு. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற அமெரிக்கர், பெரிய வாத்தியக் குழுவோடு அரங்குகளை அதிரவைத்தவர், 1982இல் தம் வீட்டு அறையில் உட்கார்ந்து, நான்கு தடங்கள் கொண்ட ஒரு காசெட்டுக் கருவியில் மாதிரிக்காகப் பாடி வைத்தார். பிறகு குழுவோடு ஸ்டூடியோவில் பாடிப் பார்த்தும் திருப்தியாகாமல், அந்த மாதிரிக் காசெட்டையே ‘நெப்ராஸ்கா’ என்ற பெயரில் இசைத்தட்டாக வெளியிட்டார். பாப் டிலன், 1965இல் நியூபோர்ட் விழாவில் மின்கிதாரோடு ஏறி நாட்டுப்பாட்டு ரசிகர்களின் கோபத்தைச் சம்பாதித்தவர், 1992இலும் 1993இலும் தனியாக ஒரு கிதாரோடும் ஆர்மோனிக்காவோடும் இரண்டு தட்டுக்கள் கொடுத்தார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஆயுள் முழுவதும் சொந்தப் பாட்டாலேயே புகழடைந்த அந்த மனிதர் அந்த இரண்டு தட்டிலும் சொந்தப் பாட்டு ஒன்றுகூட வைக்கவில்லை. அத்தனையும் பிறரிடமிருந்து வந்த பழைய பாட்டுக்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று, அத்தையின் பாட்டைப் பாடுகிறபோது என் பெயரைப் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று எனக்கு இருந்த சஞ்சலம் ஒருவாறு தீர்ந்தது.

சம்பாத்திய விஷயம் தனி. ரேடியோ செட்டு இல்லாமல் வருகிறேன் என்று சொன்னால், விழாக் கமிட்டியார் நான் பாதிக் கூலிக்கு வருவதாக எடுத்துக்கொள்கிறார்கள். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரையில் வெளியிடத்தில் குழாய் கட்டக் கூடாது என்பதால், கூத்துக்காரர்களுக்கு விடிய விடிய ஆடுவதில் வந்த சங்கடம் எனக்கு இல்லை என்று பெருமை பேசிப் பார்த்தேன். பத்து மணிக்கு மேல் என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. அழைக்கிறவர்கள் வீடுகளுக்கு அழைக்கிறார்கள்: காதுகுத்துக்கு, கர்ப்பிணிக்கு வளையல் அடுக்குகிற நாளுக்கு, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலைக்கு. இருபது பேருக்கு மேல் கூடினால் நானே வாசற்கதவைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறேன். அத்தை போன பிறகு அவள் மகளும் பேத்தியும் எனக்கு எடுத்துக்கொடுக்கிறார்கள். என் குரலுக்கு ஒரு கட்டை, அவர்களுக்கு ஐந்து கட்டை என்றால் நடுவில் வழியில்லாமல் போகுமே என்று பயந்தேன். அவர்கள் தாழ்ந்து மந்தரத்தில் வர, நான் சற்று ஏறி மூன்று கட்டையில் நிற்க, ஒருவாறு குடித்தனம் நடக்கிறது. பேத்தி கல்லூரியில் படிக்கிறவள். நான் வைத்த சொல்லைத் தாட்சணியமில்லாமல் மாற்றி வாங்குகிறாள். நடவில் அப்படித்தானே வாங்குவார்கள் என்று எனக்கே நியாயம் சொல்கிறாள்.

பாட்டுக்களைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் யோசனை. மூச்சுச் சத்தத்தையும் வாங்கிக்கொள்கிற நல்ல மைக் ஒன்றை வாங்கியாயிற்று. திண்ணையிலேயே வைத்துப் பாடினால்தான் பாட்டு வருகிறது. ஸ்டூடியோவின் பஞ்சுச் சுவர்களுக்குள் அத்தை மகளுக்கு வாயே திறக்கவில்லை. ஆனால் மைக் எவ்வளவுக்கெவ்வளவு நுட்பமானதோ அவ்வளவுக்கவ்வளவு ஊரையும் அது கேட்கிறது. பெருஞ்சாலை லாரிகளின் ஊளை இரவெல்லாம் உண்டு, அதைக்கூடப் பொறுக்கலாம். மார்கழியில் நாலரை மணிக்குத் திருப்பாவை குழாயில் தொடங்கிவிடும். தையில் அமாவாசைக் கூட்டம். கோடை பிறந்தால் சுற்றுவட்டாரத்துப் பாரதப் பிரசங்கங்கள் காற்று வாட்டத்துக்கு வந்து விழும். ஆடியில் கேட்க வேண்டியதே இல்லை. பக்கத்துத் தெரு அம்மனுக்கு ரேடியோ செட்டுக்காரர் இன்னும் நான் பாடிய பழைய காசெட்டைத்தான் பென்டிரைவில் ஏற்றி வைத்துப் போடுகிறார், அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வருமா? புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாள் சேவைக்கு வருகிற வண்டிகள். ஐப்பசியில் தகரக் கூரையின் மேல் மழையும் தீர்த்தக்கரைத் தவளைகளும். ஆவணியைத்தான் நம்பியிருக்கிறோம். அதிலும் முகூர்த்த நாட்கள் போக எத்தனை இரவுகள் மிஞ்சும் என்று பேத்தி காலண்டரை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டில் இந்த வருஷம் கிருகப்பிரவேசம் வைக்கப்போவதாகக் கேள்வி.